கேபிள் முனையில் திரும்பி வரும் சிக்னல்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

பெங்களூருவில் எலக்ட்ரானிக்ஸ் வேலையிலும் படிப்பிலும் இருக்கும் நம்மவர்கள் கேட்டவை இவை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்: லைனில் (சிக்னல் போகும் கம்பி ஜோடியில்) கிளம்பிய அலைக்கு அதன் கடைசியில் என்ன இருக்கிறது என்பது போய்ச் சேரும்வரை தெரியாது. இது பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

அண்ணா, எஸ்.பி. ரோட்டில் 50 ஓம் கோஆக்ஸ் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வலை உள்ள கேபிள்) என்று கேட்டு 10 மீட்டர் வாங்கினேன். நடுக்கம்பிக்கும் மேல்வலைக்கும் மல்டிமீட்டர் வைத்தால் ஓப்பன் (இணைப்பே இல்லை) என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி, நல்ல கேபிளும் அப்படித்தான் காட்டும். 50 ஓம் என்பது உள்ளே ஒளிந்திருக்கும் ரெசிஸ்டர் இல்லை. அந்த மாதிரி கேபிளில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸும் (சார்ஜைச் சேர்த்து வைக்கும் தன்மை) 250 நானோஹென்றி இண்டக்டன்ஸும் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் தன்மை) இருக்கும். இண்டக்டன்ஸை கெபாசிட்டன்ஸால் வகுத்து வர்க்கமூலம் எடுத்துப் பார், சரியாக 50 வரும். அலை முன்னேறும்போது அடுத்தடுத்த துண்டை சார்ஜ் செய்துகொண்டே போக வேண்டும், அதற்கு ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 20 மில்லியாம்ப் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். இந்தக் கேபிளில் அலை நானோசெகண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் போகும். உன் 10 மீட்டரில் போக 50, திரும்ப 50 நானோசெகண்ட். ஆக முதல் 100 நானோசெகண்டுக்கு அந்தக் கேபிள் நிஜமாகவே 50 ஓம் லோடுதான். மல்டிமீட்டர் கண் திறப்பதற்குள் அந்தக் கதை முடிந்துவிடுகிறது.

முனைக்குப் போன சிக்னல் ஏன் திரும்பி வர வேண்டும்?

வரும் அலையில் வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் விகிதம் 50. முனையில் 100 ஓம் லோடு இருந்தால் அங்கே விகிதம் 100 ஆகத்தான் இருக்க முடியும். இரண்டும் ஒத்துப்போகாததால் கணக்கு சரியாக ஒரு பங்கு பின்னால் கிளம்புகிறது. லோடின் ஓமிலிருந்து லைனின் ஓமைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் அந்தப் பங்கு கிடைக்கும்: இங்கே 50/150, மூன்றில் ஒன்று. முனை திறந்திருந்தால் முழுசாகத் திரும்பும், அங்கே வோல்டேஜ் இரட்டிப்பாகும். ஷார்ட் என்றால் முழுசாக, ஆனால் தலைகீழாகத் திரும்பும். 50 ஓம் இருந்தால் எதுவும் திரும்பாது.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. 20 சென்டிமீட்டர் ஒயரில் எஸ்பிஐ (கிளாக் துடிப்புக்கு ஒரு பிட் வீதம் டேட்டா போகும் இணைப்பு) ஃபிளாஷ் மெமரி சிப் இணைத்திருக்கிறேன். கிளாக் 8 மெகாஹெர்ட்ஸில் குப்பையாக வருகிறது, 1 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தும் அதே கதை. அப்படியானால் ரிஃப்ளெக்ஷன் (முனையிலிருந்து திரும்பும் எதிரொலி) இல்லைதானே?

ரிஃப்ளெக்ஷனாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கிளாக்கைக் குறைத்தாலும் சிக்னல் ஏறும் வேகம் மாறவில்லை என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இன்றைய மைக்ரோகன்ட்ரோலர்களில் ஒரு நானோசெகண்டில் ஏறுவது சாதாரணம். உங்கள் ஒயரில் போய்த் திரும்பவே சுமார் 2 நானோசெகண்ட் ஆகும், அதற்குள் ஏற்றம் முடிந்துவிடுகிறது. பிறகு அலை இரண்டு முனைக்கும் இடையே போய்வந்து கிளாக் லைன் துள்ளுகிறது, அந்தத் துள்ளல் சிப்பின் எல்லைக்கோட்டை இரண்டாவது முறை தாண்டினால் ஒரு கிளாக்கை இரண்டாக எண்ணிவிடும். டேட்டா ஒரு பிட் நகர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

முதலில் காசில்லாத வைத்தியம்: மென்பொருளில் பின்னின் வேகத்தைக் குறைக்கும் செட்டிங் இருந்தால் குறையுங்கள், கிளாக் ஒயரை ஒட்டியே ஒரு கிரவுண்ட் ஒயர் ஓட்டுங்கள். அப்புறம் கிளாக் கிளம்பும் இடத்தில், டிரைவர் (சிக்னலைத் தள்ளும் சிப்) பின்னை ஒட்டி, 33 ஓம் சீரிஸில் போடுங்கள். டிரைவரின் சொந்த ரெசிஸ்டன்ஸும் இதுவும் சேர்ந்து லைனுக்குச் சமமானால், பாதி வோல்டேஜ்தான் கிளம்பும், திறந்த முனையில் இரட்டிப்பாகி முழுசாகும், திரும்பி வருவதை இந்த ரெசிஸ்டர் விழுங்கிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது. ஃபிளாஷ் பக்கம் கொண்டுபோய் போட்டால் பலன் இல்லை. லைனின் நடுவில் இன்னொரு சிப் தொங்கினாலும் சரிவராது, திரும்பும் அலை வரும்வரை அது பாதி வோல்டேஜையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) பார்க்கும்போது புரோபின் நீளமான கிரவுண்ட் ஒயரைக் கழற்றிவிட்டு குட்டையான கிரவுண்ட் ஸ்பிரிங் போட்டுப் பாருங்கள். அந்த ஒயரே துள்ளலை உண்டாக்கும்.

பீன்யாவில் எங்கள் ஃபேக்டரியில் 14 எனர்ஜி மீட்டர், ஆர்எஸ்-485 (ஒரே கம்பி ஜோடியில் பல கருவிகள் பேசும் முறை), லைன் நீளம் 300 மீட்டர், வேகம் 9600 பாட் (செகண்டுக்கு 9600 பிட்). வேலை செய்தவர் ஒவ்வொரு மீட்டரிலும் 120 ஓம் போட்டிருக்கிறார். பாதி மீட்டர்கள் பேசவே மாட்டேன் என்கின்றன.

சார், 120 ஓம் லைனின் இரண்டு கோடியில் மட்டும்தான். பதினான்கும் பேரலலில் சேர்ந்தால் 9 ஓம் கூட இல்லை. டிரைவர் 54 ஓம் லோடைத் தாங்கும்படி செய்யப்பட்டது, இதை எப்படித் தள்ளும்? நடுவில் உள்ள பன்னிரண்டையும் எடுத்துவிடுங்கள், லைன் ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ச்சியாகப் போகட்டும், நட்சத்திரம் மாதிரி பிரிய வேண்டாம். இன்னொன்று, 9600 பாட்டில் ஒரு பிட் 104 மைக்ரோசெகண்ட், உங்கள் 300 மீட்டரில் போய்வர 3 மைக்ரோசெகண்ட். பிட்டின் நடுவில் படிப்பதற்குள் எதிரொலி அடங்கிவிடும். அதாவது உங்களைப் படுத்துவது ரிஃப்ளெக்ஷன் இல்லை, அதைத் தடுக்கப் போட்ட ரெசிஸ்டர்கள்தான்.

சிக்னல் ஜெனரேட்டரில் 1 வோல்ட் வைத்தேன், ஸ்கோப்பில் 2 காட்டுகிறது.

ஜெனரேட்டர் 50 ஓம் லோடு இருப்பதாக நினைத்துக் கணக்குச் சொல்கிறது, ஸ்கோப் 1 மெகாஓமில் இருக்கிறது. ஸ்கோப்பை 50 ஓமுக்கு மாற்றுங்கள்.

145 மெகாஹெர்ட்ஸ் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஆன்டெனாவுக்கு 75 ஓம் டிவி கேபிள் போடலாமா?

தாராளமாக. 50க்கும் 75க்கும் இடையே திரும்பும் வோல்டேஜ் ஐந்தில் ஒன்று, பவரில் 4 சதவீதம்தான், எஸ்டபிள்யூஆர் (லைனில் வோல்டேஜின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள விகிதம்) 1.5. கேபிளை அரை அலைநீளத்தின் மடங்காக வெட்டினால் ரேடியோவுக்கு மறுபடி 50 ஓமாகவே தெரியும். கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் அதன் வேக விகிதத்தால் (காற்றில் போகும் வேகத்தில் எத்தனை பங்கு என்பதால்) பெருக்க மறக்காதீர்கள்.

மாரத்தஹள்ளியில் சுவருக்குள் போன கோஆக்ஸ் எங்கோ கெட்டுவிட்டது. உடைக்காமல் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? இந்த அக்காவுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

முடியும் அக்கா, இதே எதிரொலிதான் அதற்கு உதவும். கேபிளின் ஒரு முனையில் வேகமாக ஏறும் பல்ஸ் கொடுத்து அதே இடத்தில் ஸ்கோப் வையுங்கள். எதிரொலி 240 நானோசெகண்ட் கழித்து வந்தால், போக வர என்று பாதியாக்கி 120, நானோசெகண்டுக்கு 20 சென்டிமீட்டர் வீதம் 24 மீட்டர். எதிரொலி நேராக வந்தால் அறுந்திருக்கிறது, தலைகீழாக வந்தால் ஷார்ட். ஆனால் சுளுவாக 20 என்று வைத்துக்கொள்ள வேண்டாம், உள்ளே ஃபோம் நிரப்பிய கேபிளில் அலை இன்னும் வேகமாகப் போகும். அதே ரகத்தில் நீளம் தெரிந்த ஒரு துண்டை முதலில் அளந்து வேகத்தை எடுத்துக்கொண்டு, அப்புறம் சுவரில் கோடு போடுங்கள்.