ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் இறங்காத 2007 சிஆர்125

உங்கள் ஹோண்டா சிஆர்125 மோட்டோகிராஸ் பைக்கில் ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் இறங்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைப் பாகம்) மாற்றாதீர்கள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் அலறுகிறது என்றால், ஃபிளைவீல் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) பக்கத்து கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையம், தேய்ந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இது போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் (கிராங்க் தண்டு சுழலும் அறை) வழியாகவே போகிறது. அங்கே காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து மெலிந்துவிடும், வேகமும் இறங்காது.

எஞ்சின் ஓடும்போது இன்டேக் ரப்பரை (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர்) சுற்றிக் கார்ப் கிளீனரைத் துளி அடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கே. மாறாவிட்டால் ஃபிளைவீல் மூடியைக் கழற்றுங்கள். சீலின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு பெரும்பாலும் தெரியும். கிளீனர் சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும், கவனம்.

கசிவைச் சரிசெய்யும்வரை ஓட்டவே வேண்டாம், மெலிந்த கலவையில் சூடேறி பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், சிலிண்டரும் கெடும். ஹோண்டா 2007 மாடலோடு இந்த வண்டியை நிறுத்திவிட்டது. நல்ல சிலிண்டருக்கு அலைய வேண்டியிருக்கும்.

விற்றுவிடலாமா என்றீர்களே, விற்காதீர்கள். சீல் மலிவு. பவர் பேண்டை (எஞ்சின் முழு வேகம் காட்டும் சுழற்சி எல்லை) தொட்டதும் அது பாயும் பாய்ச்சலுக்கு ஈடு கிடையாது.