காட்டை வெட்டிவிட்டு வேறு இடத்தில் மரம் நட்டால் கணக்கு சரியாகிவிடாதா?

கேட்டவர் கொஞ்சம் விளக்கமாகவே கேட்டிருக்கிறார்: "சாலைக்கும் துறைமுகத்துக்கும் காடு போவதைத் தவிர்க்க முடியாது. வெட்டியதைப் போல இரண்டு மடங்கு கன்றுகளை வேறு இடத்தில் நட்டுவிட்டால் கரியமில வாயுக் கணக்கு சரியாகிவிடும்தானே? அப்புறம் ஏன் இத்தனை எதிர்ப்பு?"

ஆகாது. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இரண்டு உண்டு. நான் பிறந்து வளர்ந்தது வால்பாறையில், ஒரு எஸ்டேட் லைன் வீட்டில். அம்மா 30 வருடம் கொழுந்து எடுத்தவர். படித்து முடித்துக் கோவைக்கு வந்ததும், கம்பெனிகளுக்காக மரம் நட்டுக் கொடுக்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். காட்டையும் தெரியும், கன்றையும் தெரியும். விஞ்ஞானி இல்லை.

கன்றிலிருந்தே தொடங்குகிறேன். நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு கிராமத்துப் புறம்போக்கில் 5,000 கன்று நடும் விழா. முதல் நாளே கூலியாட்களை வைத்துக் குழி எடுத்தாயிற்று. மறுநாள் காலை பஸ்ஸில் ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி தொப்பி. ஆளுக்கு நாலு கன்று. வெயில் ஏறுவதற்குள் போட்டோ, தயிர் சாதம், பஸ். அவர்கள் போன பிறகு நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதிக் கன்றுகளைக் கறுப்புப் பையைக் கிழிக்காமலேயே குழிக்குள் இறக்கியிருந்தார்கள். பையோடு புதைத்தால் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றிச் செத்துப்போகும். மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, போட்டோவுல பை தெரியாது, விடு" என்றார்.

மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்க்கப் போனேன். நூறு குழிக்கு இருபதில்கூடப் பச்சை இல்லை. அறிக்கையில் 5,000 என்றே போயிற்று. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கு வந்தார். கன்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டதில் மேய்ச்சல் நிலம் போய்விட்டது. "காலியாக் கெடக்குன்னு யாரு சொன்னா? எங்க ஆடு எங்க போகும்?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மரம் நடலாம் என்று வரைபடத்தில் குறித்துக் காட்டும் காலி நிலம் பெரும்பாலும் இப்படித்தான். யாரோ மாடு ஓட்டும் இடம், விறகு பொறுக்கும் இடம், இல்லையென்றால் காலாகாலமாகப் புல்வெளியாகவே இருந்த இடம். நீலகிரியில் சோலைகளுக்கு நடுவே கிடந்த புல்வெளியைத் தரிசு என்று நினைத்து, சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வைத்தார்கள். இப்போது அதே சீகையை வெட்டி எடுக்கச் செலவு செய்கிறார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். வால்பாறைக் காட்டில் வெடிப்பலா என்று ஒரு மரம் உண்டு. முள் முள்ளாகக் காய்க்கும், சோலைமந்திக்கு உயிர். நெஞ்சுயரத்தில் டேப்பைச் சுற்றினால் 3 மீட்டர் சுற்றளவு வரும் ஒரு பெரிய வெடிப்பலாவை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 30 மீட்டர் என்று வைத்தால், தண்ணீர்ச் சத்தைக் கழித்து அதன் காய்ந்த எடை சுமாராக 7 டன். அதில் ஏறக்குறைய பாதி கரிமம், அதாவது 3.5 டன். கரிமம் எரிந்து ஆக்சிஜனோடு சேரும்போது எடை 3.67 மடங்காகும். ஆக, அந்த ஒற்றை மரம் தனக்குள் பூட்டி வைத்திருப்பது 13 டன் கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் 2.8 லட்சம் கிலோமீட்டர் போனால் வரும் புகை அது.

நட்டுப் பிழைத்த மூன்று வயதுக் கன்றின் காய்ந்த எடை தாராளமாக 10 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். அது பிடித்து வைத்திருப்பது 18 கிலோ. ஒரு வெடிப்பலாவுக்கு ஈடுகட்ட இப்படி 700-க்குமேல் வேண்டும். நட்டவை 700 என்றால் போதாது, பிழைத்தவை 700. எங்கள் புறம்போக்குக் கணக்குப்படி பார்த்தால் 3,500 நட்டாக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். வெட்டிய மரத்தின் கரிமம் விறகாகவோ மட்கியோ சில வருடங்களில் வெளியே வந்துவிடும். கன்றுகள் அதைத் திரும்ப உறிஞ்சப் பல பத்தாண்டுகள் ஆகும். சூடு ஏறிக்கொண்டிருப்பது இந்த இடைப்பட்ட காலத்தில். ஈடுசெய்யும் திட்டங்களின் கணக்கில் மரத்துக்கு மரம், ஏக்கருக்கு ஏக்கர் இருக்கும். வருடத்துக்கு வருடம் இருக்காது.

மரம் வைத்தால் காடாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் பலமாக இருக்கிறது. டாப்சிலிப் போனவர்கள் ஹியூகோ உட் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆனைமலையில் வன அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர். நடக்கும் இடமெல்லாம் கைத்தடியால் குத்தித் தேக்கு விதை போட்டுக்கொண்டே போனார் என்று கதை சொல்வார்கள். அவருக்கு முன் மொட்டையடித்திருந்த மலையை அவர் மறுபடி பச்சையாக்கினார், அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால் தேக்குத் தோப்புக்குள் கோடையில் நின்று பாருங்கள். இலையெல்லாம் உதிர்ந்து வெயில் தரையில் அடிக்கும், காலடியில் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும். அங்கிருந்து சாலை வழியாக வால்பாறைப் பக்கம் வந்து, தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் ஒரு காட்டுத் துண்டுக்குள் பத்தடி வையுங்கள். சட்டென்று குளிரும். சருகு ஈரமாக அமுங்கும். இரண்டாவது நிமிடம் காலில் அட்டை ஏறியிருக்கும்.

இது வெறும் உணர்ச்சி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் தேக்கு, கற்பூர மரத் தோப்புகளையும் பல இனங்கள் கலந்த இயற்கைக் காட்டையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. கரிமச் சேமிப்பில் தோப்பு காட்டை மிஞ்சவில்லை. மழை பொய்க்கும் வருடங்களில் தோப்பின் உறிஞ்சும் வேகம் தடுமாறுகிறது, காடு அவ்வளவாக அசைவதில்லை. வறட்சி கூடிக்கொண்டு போகும் காலத்தில் எதை நம்புவது என்று நீங்களே பாருங்கள்.

வால்பாறைக் காட்டுத் துண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வெளியாருக்கு இது தெரியாது. 1890-களில் தொடங்கி அந்த மேட்டுநிலம் முழுவதும் இருந்த மழைக்காட்டை வெட்டிக் காபி, தேயிலை வைத்தார்கள். பாறையாகவோ ஓடைக்கரையாகவோ இருந்தவை, ஏலக்காய்க்கு நிழல் வேண்டும் என்று விட்டவை, இப்படிச் சுமார் 40 துண்டுகள் தேயிலைக் கடலில் தீவுகள் மாதிரி நிற்கின்றன. அந்தத் துண்டுகளைத் தின்றதில் எங்களுக்கும் பங்கு உண்டு. கேஸ் வருவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மாவும் பக்கத்து லைன் பெண்களும் விறகுக்குப் போவார்கள். நானும் கயிறு தூக்கிக்கொண்டு பின்னால் போயிருக்கிறேன். காய்ந்ததை மட்டும்தான் எடுத்தோம் என்று அம்மா இப்போதும் சாதிப்பார். பச்சையும் எடுத்தோம். வேறு என்னத்தை வைத்து அடுப்பெரிப்பது? மழை ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்குமேல் பெய்யும் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காய்வதற்கே அடுப்பு வேண்டும். காட்டின்மேல் விழும் சுமையைக் குறைக்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறார்களே, எங்கள் லைனில் அதைக் குறைத்தது கேஸ் சிலிண்டர்.

இந்தத் துண்டுகளில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆட்கள் இருபது வருடத்துக்குமேலாக வேலை செய்கிறார்கள். அவர்கள் முறை எங்கள் ஒப்பந்தக்காரர் முறைக்கு நேர் எதிர். முதல் வேலை நடுவதே இல்லை, காட்டை மூடிப் படரும் அந்நியக் களையான உண்ணிச்செடியைக் கையால் வெட்டி எடுப்பது. எடுக்கும்போது அடியில் தானாக முளைத்திருக்கும் காட்டுமரக் கன்றுகள் மிதிபடாமல் பார்க்க வேண்டும். சாலையோரம் விழுந்து கிடக்கும் காட்டு விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் வளர்க்கிறார்கள். வெடிப்பலா, குங்கிலியம், நாங்கு என்று நூற்றுக்குமேற்பட்ட இனங்கள். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கலந்து நடுகிறார்கள். எண்ணிக்கையும் சின்னதுதான். அப்படி நட்ட இடங்களை 7 முதல் 15 வருடம் கழித்து அளந்தார்கள். சும்மா விட்டுவைத்த இடங்களைவிடக் கரிமம் கணிசமாகக் கூடியிருந்தது. ஆனால் பக்கத்தில் வெட்டுப்படாமல் நின்ற காட்டின் அளவை அவையும் எட்டவில்லை. நாட்டிலேயே நன்றாகச் செய்யப்பட்ட நடவு, கொட்டும் மழை, விதை கொண்டுவந்து போட இருவாச்சிப் பறவை, இத்தனையும் இருந்தும் இவ்வளவுதான்.

இப்போது கேட்டவர் சொன்ன துறைமுகத்துக்கு வருகிறேன். கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் கட்டச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டுக்கு 2022-இல் கொள்கை அளவில் அனுமதி தரப்பட்டது. அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன மதிப்பீடே 9.64 லட்சம் மரங்கள். ஈடாக எங்கே நடப்போகிறார்கள் தெரியுமா? ஹரியானாவில். பெரும்பகுதி காடாக இருக்கும் மாநிலமோ யூனியன் பிரதேசமோ என்றால் வேறு மாநிலத்தில் நட்டுக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது, அதனால் சட்டப்படி தப்பில்லை. நிக்கோபாரில் பெய்யும் மழையில் கால்வாசிகூட ஹரியானாவில் பெய்யாது. அந்தக் காட்டில் ஒரு ஏக்கர் பிடித்து வைத்திருந்ததை அந்த மண்ணில் ஒரு ஏக்கர் எந்தக் காலத்தில் பிடிக்கும்?

அரசின் காட்டுப் பரப்புப் புள்ளிவிவரத்தில் இதெல்லாம் தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்குமேல் மர நிழல் விழுந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வி இல்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் அதில் அடங்கும். காடு போய்த் தோப்பு வந்தாலும் எண் அப்படியே நிற்கும், சில சமயம் ஏறக்கூடச் செய்யும். தமிழ்நாட்டில் காடும் மரமும் சேர்ந்த பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 ஆக்க 2022-இல் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். நல்லதுதான். எந்த நிலத்தில், எந்த மரம் என்பதை எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

அப்படியானால் வெப்பமண்டலக் காட்டை வைத்து ஒன்றுமே செய்ய முடியாதா என்றால், முடியும். பிரேசில் செய்து காட்டியிருக்கிறது. 2004-இல் அமேசானில் சுமார் 27,800 சதுர கிலோமீட்டர் அழிந்தது. 2012-இல் அது 4,600-க்கு இறங்கியது. கன்று நட்டு அல்ல. செயற்கைக்கோளில் வெட்டு தெரிந்ததும் ஆள் அனுப்பினார்கள், சட்டத்தை மீறிய பண்ணைக்கு வங்கிக் கடனை நிறுத்தினார்கள், பழங்குடி நிலங்களுக்கு எல்லை வகுத்தார்கள், புதிதாக அழித்த காட்டில் விளைந்த சோயாவை வாங்க மாட்டோம் என்று வியாபாரிகளே 2006-இல் ஒப்புக்கொண்டார்கள். அங்கே காட்டைத் தின்பதில் முதலிடம் மாட்டுப் பண்ணைக்கு. பிடி தளர்ந்ததும் 2021-இல் மறுபடி 13,000-ஐ எட்டியது, இறுக்கியதும் இறங்கியது. உலகம் முழுவதும் புதைபடிவ எரிபொருளால் வருடத்துக்குச் சுமார் 37 பில்லியன் டன் கரியமில வாயு வெளியேறுகிறது. காடழிப்பு முதலான நில மாற்றத்தால் 4 பில்லியன். சிறிய பங்குதான், ஆனால் நிறுத்துவதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.

நமக்கென்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயில் பாக்கெட்டின் பின்னால் இந்தோனேசியாவும் மலேசியாவும் இருக்கின்றன. காடு போய் எண்ணெய்ப்பனை வந்த நாடுகள். அதற்காகப் பாமாயிலைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டு வடை அதில்தான் வெந்தது. ஒரு ஏக்கரில் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயை நிலக்கடலையில் எடுக்கப் பல ஏக்கர் வேண்டும் என்பதும் உண்மை. ஆகவே, எதைச் சாகுபடி செய்கிறார்கள் என்பதோடு, எந்த நிலத்தில் என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே திருத்திய நிலமா, நேற்றுவரை காடாக இருந்ததா?

கருத்துப் பகுதியில் ஒருவர், "அப்படியென்றால் நாங்கள் மரமே வைக்கக் கூடாதா?" என்று கோபப்பட்டிருந்தார். தாராளமாக வையுங்கள். வீட்டு வாசலில் ஒரு புங்கன் வைத்தால் ஐந்தாறு வருடத்தில் மொட்டைமாடிச் சூடு குறைவது தெரியும். வடகிழக்கு மழைக்கு முன் குழி எடுத்து ஆற விடுங்கள், ஆட்டுக்கு எட்டாமல் முள் கட்டுங்கள், முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பையை மட்டும் கிழித்துவிட்டு வையுங்கள்.