எம்பிபிஎஸ் தொடக்க ஆண்டிலேயே கண் அறுவைப் பயிற்சி கொடுக்கலாமா? எதில் தொடங்குவது?

ஆட்டுக் கண்ணை வைத்துத் தாராளமாகக் கொடுக்கலாம். கண்புரையில் மட்டும் தொடங்காதீர்கள். ஆட்டு லென்ஸின் உறை ரப்பர்போல இழுபடும். கண்புரையை எடுக்க அதை வட்டமாகக் கிழிக்கும்போது கிழிசல் கைமீறி ஓடி, புதியவருக்கு ஆர்வமே விட்டுப்போகும். கருவிழியில் (கார்னியா) ஒரு வெட்டுப் போட்டு, அதற்கு ஒரு தையல் போதும்.

கறிக்கடையில் வெட்டிய அன்றே கண்ணை வாங்கி, 4 டிகிரியில் வைத்து, மறுநாளுக்குள் பயன்படுத்துங்கள். நாள் தள்ளினால் கருவிழி வெளுத்து ஊதிவிடும். கண் தொளதொளவென்று இருந்தால் ஊசி அமுக்குமே தவிர நுழையாது. பார்வை நரம்பின் வெட்டுமுனை வழியே சலைன் ஏற்றி விறைப்பாக்கி, தெர்மாகோலில் குழி தோண்டிக் குண்டூசியால் நிறுத்துங்கள்.

முதல் அரை மணி நேரம் மைக்ராஸ்கோப்புக்கே போகும், போகட்டும். மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் இரண்டு வில்லைகளின் (ஐபீஸ்) இடைவெளியைச் சரிசெய்யாதவருக்கு ஆழமே தெரியாது. குறைந்த உருப்பெருக்கம், மணிக்கட்டுக்குத் தாங்கல். கை நடுக்கம் பாதி அடங்கும்.

10-0 அளவு நைலான் நூல் முடியைவிட மெல்லியது, அதைவிடத் தடித்த 8-0 போதும். ஊசியை நூல் சேரும் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். நுனியைப் பிடித்தால் மழுங்கும். கருவிழிக்குச் செங்குத்தாக நுழைத்து, முக்கால் ஆழத்துக்கு மேல் போய், வெட்டின் மறு ஓரத்திலும் அதே ஆழத்தில் வெளியே எடுங்கள். ஆழம் மாறினால் விளிம்புகள் படிபோல ஏறி இறங்கும். முடிச்சு 3-1-1, அதாவது முதலில் மூன்று சுற்று, பிறகு ஒவ்வொன்றாக இருமுறை. இறுக்கினால் கருவிழியில் சுருக்கம் விழும். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) எப்படி வருகிறது என்பதை அங்கேயே காட்டிவிடலாம்.

கையுறை கட்டாயம். ஊசிகளை எண்ணி வாங்கிய பிறகே மாணவர்களை அனுப்புங்கள். பயன்படுத்திய கண்கள் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்கு.