ஸ்க்ரொப்பீனோ சந்தேகம் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில்

வெயில் ஆரம்பிச்சாச்சு, வீட்டுக்கு நாலு பேரு சாப்பிட வந்தா கடைசில சில்லுனு என்ன குடுக்கறதுன்னு கேட்டவங்களுக்கு ஸ்க்ரொப்பீனோ பண்ணுங்கன்னு சொல்லியிருந்தேன், அன்னைலேர்ந்து கேள்வி நிக்கவே இல்ல, அதான் எல்லாத்துக்கும் சேர்த்து உக்காந்துட்டேன். புதுசா வந்தவங்களுக்கு: லெமன் சோர்பே (பால் சேக்காத எலுமிச்சை ஐஸ்), ப்ரொசெக்கோ (இத்தாலில செய்யற நுரைக்கற வெள்ளை வைன்), கொஞ்சம் வோட்கா, இந்த மூணையும் அடிச்சு நுரை பொங்க க்ளாஸ்ல ஊத்தறதுதான் ஸ்க்ரொப்பீனோ. வெனிஸ் பக்கத்து ஐட்டம். நான் அங்கேர்ந்து ரயில்ல அரை மணி தூரத்துல ட்ரெவீசோல இருக்கேன், 11 வருஷமா ரெஸ்டாரண்ட் கிச்சன் வேலை, ஜூன் ஜூலைல கல்யாண விருந்து வந்தா ஒரே மத்தியானத்துல இத நூறு க்ளாஸ் ஊத்துவோம். அந்த அனுபவத்த வெச்சுத்தான் சொல்றேன்.

மெல்போர்ன் தம்பி: அக்கா, அளவு மட்டும் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்.

நாலு பேருக்கு அரை லிட்டர் சோர்பே, 200 மில்லி ப்ரொசெக்கோ, 60 மில்லி வோட்கா. சோர்பேய ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து அஞ்சு நிமிஷம் வெளிய வைங்க, ஸ்பூன் இறங்கற பதம் வரணும், உருகக் கூடாது. ஃப்ரீசர்ல வெச்ச ஸ்டீல் பாத்திரத்துல அதப் போட்டு வோட்காவ ஊத்தி கை விஸ்க்கால (முட்டை அடிக்கற கம்பி மத்து) கட்டி இல்லாம அடிங்க, கெட்டித் தயிர் மாதிரி வந்துரும். அதுக்கப்புறம் ப்ரொசெக்கோவ பாத்திரத்து ஓரமா மூணு தடவையா ஊத்தி மெதுவா கலக்குங்க. உடனே க்ளாஸ்ல ஊத்தி உடனே குடுத்துருங்க. ஆனா மீதிய நீங்க பாத்துக்கறதுக்கு முன்னாடி கீழ நுரை பத்தி எழுதியிருக்கறத ஒரு தடவ படிச்சிருங்க தம்பி, முக்கால்வாசி பேரு சறுக்கறது அங்கதான்.

சிங்கப்பூர்லேர்ந்து ஒரு தங்கச்சி: பேருக்கு என்ன அர்த்தம் அக்கா? வாய்லயே நுழைய மாட்டேங்குது.

வெனிஸ் பேச்சுல "ஸ்க்ரொப்பார்"னா முடிச்ச அவுக்கறது. மீன் சாப்பாடு முடிஞ்சு கறி வரதுக்கு நடுவுல இத ஒரு சின்ன க்ளாஸ் குடுப்பாங்க, வாயில இருக்கற மீன் வாசம் போகும், கனமா இருக்கற வயித்துல முடிச்சு அவுந்த மாதிரி இருக்கும்னு அந்தப் பேரு. இங்க கல்யாண விருந்து நாலஞ்சு மணி நேரம் ஓடும், அதுல நடுவுல இது வரும்போது கூட்டமே நிமிந்து உக்காரும், நான் கிச்சன் கதவு சந்து வழியா எத்தனையோ தடவ பாத்துருக்கேன். இப்ப நிறைய பேரு கடைசில டெசர்ட்டாவே குடுக்கறாங்க, அதுவும் சரிதான்.

ஃப்ராங்க்ஃபர்ட் அண்ணன்: கடைல ப்ரொசெக்கோ ப்ரூட், எக்ஸ்ட்ரா ட்ரைன்னு ரெண்டு வகை இருக்கு. எக்ஸ்ட்ரா ட்ரைதான இனிப்பு கம்மி, அத வாங்கவா?

இல்லண்ணா, இந்த இடத்துல எல்லாரும் ஏமாறுவாங்க. எக்ஸ்ட்ரா ட்ரைல சர்க்கரை லிட்டருக்கு 12லேர்ந்து 17 கிராம், ப்ரூட்ல 12க்குள்ள. வெறும் ட்ரைன்னு போட்டிருந்தா இன்னும் இனிப்பு, 17லேர்ந்து 32 வரைக்கும் போகும். சோர்பேல ஏற்கெனவே சர்க்கரை இருக்கு, அதனால ப்ரூட் எடுங்க. ப்ரொசெக்கோ டிஓசின்னு (எந்தப் பகுதில செஞ்சதுன்னு காட்டற முத்திரை) லேபிள்ல இருந்தா போதும், கோனெலியானோ வால்தொப்பியாதெனே மலைச்சரிவுல விளையற உசந்த பாட்டில இதுல ஊத்தாதீங்க, அத தனியா குடிக்கணும். அந்தத் திராட்சைத் தோட்டங்கள 2019ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடமா சேர்த்தாங்க, சரிவு அவ்ளோ செங்குத்து, திராட்சைய கையாலதான் பறிச்சாகணும், அந்த உழைப்பு எலுமிச்சைக்கு அடில மூழ்கிப் போறது எனக்கு மனசு கேக்காது. ஷாம்பெயினும் அதே மாதிரிதான், அந்த ரொட்டி வாசமெல்லாம் இந்தப் புளிப்புல தெரியவே தெரியாது. கிடைக்கலன்னா ஸ்பெயின் காவா ப்ரூட் நல்லாவே ஒத்துப் போகும். ஆஸ்திங்கற இத்தாலி இனிப்பு வைன் மட்டும் வேணாம், பாயசம் மாதிரி ஆயிரும்.

டாலஸ் தங்கச்சி: ரெண்டு தடவ பண்ணேன் அக்கா, ரெண்டு தடவயும் மேல நுரை கீழ தண்ணின்னு பிரிஞ்சிருச்சு. மிக்ஸிலதான் அடிச்சேன், நல்லா ஸ்மூத்தாத்தான் இருந்தது.

மிக்ஸிலதான் கோளாறு மா. ப்ரொசெக்கோல இருக்கற கேஸ் அழுத்தத்துல அடைபட்டு கரைஞ்சு இருக்கு, பாட்டில திறந்ததும் வெளிய வர வழி தேடும். சோர்பேல பொடி ஐஸ் துகளும் காத்தும் கோடிக்கணக்குல இருக்கு, ஒவ்வொரு துகள்லயும் ஒரு குமிழி பிடிச்சு கெளம்பும், அதனாலதான் ஊத்துன உடனே பால் பொங்கற மாதிரி பொங்குது. அந்தப் பொங்கறதத்தான் நம்ம பிடிச்சு வெக்கணும். மிக்ஸி ப்ளேடு சுத்தும்போது கேஸ் பூரா அரை நிமிஷத்துல பறந்துரும், மோட்டார் சூட்டுல சோர்பேயும் உருகிரும், அப்புறம் என்ன மிச்சம், இனிப்புத் தண்ணியும் மேல மிதக்கற நுரையும்தான்.

நான் சேந்த புதுசுல எங்க தலைமை சமையல்காரர் என் கையப் பிடிச்சு சொல்லிக் குடுத்தாரு. ஸ்டீல் பாத்திரத்து வெளிப்பக்கம் வெள்ளையா பனி பூத்திருக்கணும், விரல் வெச்சா ஒட்டணும், அந்தப் பனி இல்லேன்னா ஆரம்பிக்கவே விட மாட்டாரு. முதல் ஊத்து ஊத்தும்போது நுரை விளிம்பு வரைக்கும் ஏறி என் மணிக்கட்டுல வழியும், அவரு நிறுத்து, அடங்கட்டும்பாரு, பத்து எண்ணுவோம், அடங்குனதும் அடுத்தது. கலக்கறதும் இட்லி மாவ கரண்டியால அடிலேர்ந்து புரட்டற மாதிரிதான், அடிக்கற வேல வோட்கா ஊத்தும்போதே முடிஞ்சிரணும். ப்ரொசெக்கோ இறங்கினதுக்கப்புறம் புரட்டல் மட்டும்தான்.

அப்புறம் எல்லாமே ஜில்லுனு இருக்கணும், பாட்டில், பாத்திரம், விஸ்க், க்ளாஸ் எல்லாம். குளிர்ச்சி ஏற ஏற கேஸ் திரவத்துக்குள்ளயே நிக்கும், சூடானா ஓடிரும். எவ்ளோ நல்லா பண்ணாலும் பத்து நிமிஷத்துக்கு மேல இது நிக்காது மா, அதனால விருந்தாளிங்க உக்காந்தப்புறம் கலக்குங்க, கலக்கிட்டு கூப்பிடாதீங்க.

மதுரைலேர்ந்து ஒருத்தர்: மெஷின் இல்லாம சோர்பே வீட்ல பண்ண முடியுமா? இங்க மஞ்ச லெமன் கிடைக்காது, நாட்டு எலுமிச்சைதான்.

தாராளமா முடியும். கால் கிலோ சர்க்கரைய கால் லிட்டர் தண்ணில கரையற வரைக்கும் சுடவெச்சு, அடுப்ப அணைச்சதும் ரெண்டு பழத்தோட தோல சீவிப் போட்டு ஆற விடுங்க. வடிகட்டி இன்னொரு கால் லிட்டர் தண்ணியும் கால் லிட்டர் சாறும் சேருங்க. இது மஞ்ச லெமன் கணக்கு. நம்ம எலுமிச்சைல புளிப்பு தூக்கலா இருக்கும், அதனால சாறு 200 மில்லிலேர்ந்து ஆரம்பிச்சு ருசி பாத்து ஏத்துங்க. தோல சீவும்போது வெள்ளப் பகுதி வரவே கூடாது, நாட்டுப் பழத்துல தோல் மெல்லிசு, கை கொஞ்சம் அழுந்துனாலும் கசந்துரும், அவ்ளோ பொறுமை இல்லேன்னா தோலே போடாதீங்க. அலுமினியப் பாத்திரம் வேணாம், புளிப்பு பட்டா ஒரு மாதிரி உலோக வாசம் வரும்.

கலவைய நாக்குல வெச்சுப் பாத்தா கொஞ்சம் அதிகமாவே இனிக்கணும், ஏன்னா உறைஞ்சதும் நாக்குக்கு இனிப்பு கம்மியாத்தான் தெரியும். சர்க்கரை அதிகம்னு பயந்து பாதியாக் கொறைச்சிராதீங்க, அது இனிப்புக்கு மட்டும் போடறதில்ல, சர்க்கரை இருந்தாத்தான் கல்லு மாதிரி உறையாம இளக்கமா இருக்கும். பரந்த தட்டுல ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு முக்கா மணிக்கு ஒரு தடவ முள்கரண்டியால கீறி விடுங்க, நாலஞ்சு தடவ. இல்லேன்னா ஐஸ் ட்ரேல உறைய வெச்சு கடைசில மிக்ஸில ஒரு சுத்து விடுங்க. இங்க மிக்ஸி பரவால்ல, வைன் இன்னும் சேரலையே.

நம்ம பக்கம் ப்ரொசெக்கோ தேடி அலைய வேணாம், நாசிக்ல செய்யற சூலா ப்ரூட், ஷாந்தோன் ப்ரூட் ரெண்டுமே இதுக்குப் போதும்.

மெல்போர்ன் தம்பி மறுபடியும்: படிச்சேன் அக்கா. லெமன் ஐஸ்க்ரீம் இருக்கு, அதப் போடலாமா?

இத்தாலிலயே சில வீட்ல லெமன் ஜெலாட்டோ போடறாங்க, வழுவழுன்னு இருக்கும். எனக்குப் பிடிக்காது. பால் சேந்தா வாய்ல ஒரு படலம் ஒட்டும், வாய சுத்தம் பண்ணத்தான இதக் குடிக்கறது. கடைல வாங்குனா பின்பக்கம் படிச்சுப் பாருங்க, தண்ணி, சர்க்கரை, லெமன் சாறு முன்னாடி இருக்கணும், பால் பவுடர் க்ரீம் இருந்தா வெச்சிருங்க.

நெதர்லாந்துலேர்ந்து ஒரு அம்மா: 20 பேர் வராங்க. நான் கிச்சன்ல நின்னு கலக்கிட்டே இருக்க முடியாதும்மா.

நிக்க வேணாம்மா. இரண்டரை லிட்டர் சோர்பேல 300 மில்லி வோட்காவ காலைலயே அடிச்சுக் கலந்து மூடி ஃப்ரீசர்ல வெச்சிருங்க, வோட்கா இருக்கறதால அது கட்டியா உறையாது, சாயந்தரம் கரண்டி போட்டா அப்படியே வரும். ப்ரொசெக்கோ ரெண்டு பாட்டில் வாங்குங்க, ஒரு லிட்டர்தான் செலவாகும், மிச்சம் கைல இருக்கறது நல்லது. மொத்தத்தையும் ஒரே தடவ கலக்காம பாதி பாதியா ரெண்டு தடவையா கலக்குங்க, முதல் பத்து பேருக்கு ஊத்தி அனுப்பிட்டு அடுத்தது. ஊத்தறதுக்கு மூக்கு வெச்ச ஜக் இருந்தா கை சுத்தமா இருக்கும்.

ஒண்ணு மட்டும் கவனமா கேளுங்கம்மா. ஐஸ்க்ரீம் மாதிரி தித்திப்பா இறங்கறதால சரக்கு இருக்கறதே தெரியாது. இந்த அளவுல ஒரு க்ளாஸ்ங்கறது கிட்டத்தட்ட 100 மில்லி வைனுக்கு சமம். மூணு குடிச்சா மூணு வைன். இத்தாலில வண்டி ஓட்டறவங்களுக்கு ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, உங்க ஊர்லயும் அதேதான். வந்தவங்க கிட்ட உள்ள என்ன இருக்குன்னு வாய்விட்டு சொல்லிட்டுத்தான் குடுக்கணும்.

அதே அம்மா: குழந்தைங்க இருக்காங்க, மாசமா இருக்கற மருமகளும் இருக்கா. அவங்களுக்கு?

வோட்கா கலக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு சோர்பே தனி டப்பால எடுத்து வெச்சிருங்க, கரண்டியும் தனி. குடுக்கும்போது நல்லா ஜில்லுனு சோடாவ அதே மாதிரி ஓரமா ஊத்திக் கலக்கி, நாலு புதினா இலை கிள்ளிப் போடுங்க. அதே நுரை வரும். இங்க வீடுகள்ல முட்டை வெள்ளைக்கருவ பச்சையா சோர்பேல அடிச்சுப் போடற பழக்கம் இருக்கு, மருமகளுக்காக அத விட்டுருங்கம்மா.

கோலாலம்பூர் தம்பி: மாம்பழ சோர்பேல வருமா?

வரும், ஆனா மாம்பழத்துல புளிப்பு பத்தாது, லெமன் ஒண்ணு முழுசா பிழிஞ்சு விடணும், வோட்காவ பாதியாக் கொறைக்கணும். என்னக் கேட்டா வெள்ளை பீச் பழம் இதுக்குன்னே பொறந்தது. 1948ல வெனிஸ் ஹாரிஸ் பார்ல ஜூசெப்பே சிப்ரியானி வெள்ளை பீச் கூழையும் ப்ரொசெக்கோவையும் சேர்த்துத்தான் பெல்லினிய உண்டாக்கினாரு, அதே ஜோடிய உறைய வெச்சுப் பண்ணிப் பாருங்க.

ஃப்ராங்க்ஃபர்ட் அண்ணன்: பாட்டில் சீக்கிரம் ஜில்லாகணும்னு ஃப்ரீசர்ல வெக்கலாமா?

வேணாம்ணா. நான் ஒரு தடவ வெச்சுட்டு மறந்துட்டேன், ராத்திரி டமால்னு சத்தம், காலைல கதவத் திறந்தா பட்டாணி பாக்கெட்டுக்குள்ளல்லாம் கண்ணாடிச் சில்லு, ஃப்ரீசர்ல இருந்த மொத்த சாப்பாட்டையும் குப்பைல கொட்டினேன். பக்கெட்ல பாதி ஐஸ் பாதி தண்ணி, ரெண்டு கை உப்பு, பாட்டில கழுத்து வரைக்கும் இறக்குங்க, இருபது முப்பது நிமிஷத்துல ஆயிரும். திறக்கும்போது கார்க்க கெட்டியாப் பிடிச்சுட்டு பாட்டில திருப்புங்க, புஸ்ஸுனு சன்னமா சத்தம் வந்தா சரி, வெடிச்சா பாதி கேஸ் அங்கயே போச்சு.

டாலஸ் தங்கச்சி: மிச்ச ப்ரொசெக்கோவுக்கு பாட்டில் வாய்ல ஸ்பூன் போட்டு வெச்சா கேஸ் நிக்குமாமே?

நிக்காது மா. அழுத்தி மூடற ஸ்பார்க்ளிங் ஸ்டாப்பர் ஒண்ணு வாங்கி ஃப்ரிட்ஜ்ல வைங்க, அடுத்த நாளைக்குள்ள முடிச்சிருங்க. கலந்த ஸ்க்ரொப்பீனோ மிஞ்சினா அத மறுபடி நுரை வர வெக்க முடியாது, தட்டுல ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு மறுநாள் கீறி ஐஸ்பொடி மாதிரி சாப்பிடுங்க, ஃப்ரீசர் மேல பெரியவங்களுக்கு மட்டும்னு ஒரு சீட்டு ஒட்டிட்டு.