ஹேவ் புளூ மாடல்: வால் எந்தப் பக்கம் சாய வேண்டும்?

வணக்கம் நண்பரே. ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-117 போர் விமானத்தின் மாடல் கிட்டை (பாகங்களை ஒட்டிச் செய்யும் தொகுப்பு) வைத்து, அதற்கு முன்னோடியான ஹேவ் புளூ சோதனை விமானத்தைச் செய்கிறீர்கள், பழைய படங்களில் வால் துடுப்புகள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். படம் சரிதான். லாக்ஹீட் நிறுவனம் கட்டிய 2 ஹேவ் புளூ விமானங்களிலும் துடுப்புகள் உள்நோக்கியே இருந்தன. அப்படி வைத்தால் எஞ்சின் வெப்பம் அவற்றில் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பும், தரையிலிருந்து கண்டுபிடிக்க வசதியாகிவிடும். அதனால்தான் எஃப்-117-இல் வெளிப்பக்கமாக, V வடிவில் மாற்றினார்கள்.

ஆனால் வாலை மட்டும் மாற்றினால் போதாது. ஹேவ் புளூவின் இறக்கை அகலம் சுமார் 6.9 மீட்டர், எஃப்-117-க்கு 13.2. இறக்கை பின்னோக்கிச் சாயும் கோணமும் 72.5 டிகிரி, எஃப்-117-ஐ விடக் கூடுதல். அந்த கிட்டை வெட்டி ஒட்டுவதைவிட, பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகச் செய்வதே நல்லது. விமானத்தின் வெளிப்பரப்பு எல்லாம் தட்டையான முகங்கள்தானே, கை பழகிவிடும்.

அப்புறம், எந்த விமானம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1977 டிசம்பர் 1 அன்று சோதனை விமானி பில் பார்க் ஓட்டிய முதலாவதில் மூக்கில் நீண்ட குழல் உண்டு, உடலில் பல வண்ணத் திட்டுகள் உண்டு. முகங்களின் விளிம்பு பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாதிருக்கவே அந்த வண்ணம். ரேடார் சோதனைக்கான இரண்டாவது வெறும் சாம்பல் நிறம், குழல் கிடையாது. முதல் முயற்சிக்கு இரண்டாவதையே எடுங்கள்.