டொமைன் கைவிட்ட கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஒரு சர்வரும் சில கணினிகளும் இருக்கின்றன. பில் போடும் பிரிவில் நான் பயன்படுத்தும் கணினியில், 'இந்த வொர்க்ஸ்டேஷனுக்கும் பிரைமரி டொமைனுக்கும் இடையிலான ட்ரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில் ஆகிவிட்டது' என்ற அறிவிப்பு அடிக்கடி வருகிறது. கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தட்டச்சு செய்கிறேன், மாற்றியும் பார்த்துவிட்டேன். சர்வீஸ்காரர் வந்து கணினியை டொமைனிலிருந்து நீக்கி மீண்டும் சேர்த்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் ஓரிரு நாட்களில் கிடங்கில் உள்ள கணினியில் அதே அறிவிப்பு வருகிறது. அதைச் சரிசெய்தால் மறுபடி என்னுடையது. கிடங்குக் கணினி சென்ற ஆண்டு வாங்கியது. அதில் மென்பொருள்களை ஏற்ற நேரமில்லாததால், என் கணினியின் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துப் போட்டார்கள்.
– வாசகி, அம்பத்தூர் தொழிற்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. அதற்கு முன், இந்த அறிவிப்பு உங்கள் கடவுச்சொல்லைப் பற்றியதே அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். டொமைன் என்பது அலுவலகக் கணினிகளையும் ஊழியர் கணக்குகளையும் ஒரு சர்வர் மையமாக நிர்வகிக்கும் ஏற்பாடு. அதில் ஊழியர்களுக்குக் கணக்கு இருப்பதுபோலவே ஒவ்வொரு கணினிக்கும் அதன் பெயரில் ஒரு கணக்கு உண்டு. அதற்கெனத் தனிக் கடவுச்சொல்லும் உண்டு. அதை எவரும் தட்டச்சு செய்வதில்லை, எவருக்கும் தெரியவும் தெரியாது. கணினி தானாகவே அதை உருவாக்கி, வழக்கமான அமைப்பில் 30 நாட்களுக்கு ஒருமுறை மாற்றி, சர்வருக்கும் தெரிவித்துவிடுகிறது. நீங்கள் லாகின் செய்வதற்கு முன்பே, கணினி இந்தக் கடவுச்சொல்லைக் கொண்டு சர்வரிடம் தன்னை நிரூபித்தாக வேண்டும். கணினியிடம் இருப்பதும் சர்வரிடம் இருப்பதும் ஒத்துப்போகாதபோதுதான் நீங்கள் கண்ட அறிவிப்பு வருகிறது.

டிஸ்க்கை நகலெடுத்தபோது கணினியின் பெயரும் அந்தக் கடவுச்சொல்லும் சேர்ந்தே கிடங்குக்குப் போய்விட்டன. இப்போது உங்கள் அலுவலகத்தில் இரண்டு கணினிகள் ஒரே கணக்கைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. உங்கள் கணினியை டொமைனில் மீண்டும் சேர்க்கும்போது அந்தக் கணக்குக்குப் புதிய கடவுச்சொல் அமைகிறது; கிடங்கில் இருப்பது அந்தக் கணமே செல்லாததாகிவிடுகிறது. அங்கே போய்ச் சேர்த்தால் உங்களுடையது செல்லாது. சர்வீஸ்காரர் ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றைப் பழுதாக்கிவிட்டுப் போகிறார் என்பதே உண்மை. இரண்டு கணினிகளிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஹோஸ்ட்நேம்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே பெயர் வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

தீர்வு எளிதுதான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் கிடங்குக் கணினியின் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் (அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும் நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்; அது இல்லாமல் டொமைனிலிருந்து நீக்கினால், பிறகு அந்தக் கணினிக்குள் நுழையவே வழியிருக்காது. அடுத்து, அதன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, டொமைனிலிருந்து நீக்கி வொர்க்குரூப்புக்கு (டொமைனில் சேராத நிலைக்கு) மாற்றுங்கள். கேபிளைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இணைப்பில் இருக்கும்போது நீக்கினால், சர்வரில் உள்ள கணினிக் கணக்கை விண்டோஸ் முடக்கிவிடக்கூடும், அந்தக் கணக்கு உங்கள் கணினிக்கும் வேண்டியதாயிற்றே. பிறகு கிடங்குக் கணினிக்குப் புதிய பெயர் வைத்து, ரீஸ்டார்ட் செய்து, கேபிளைச் செருகி, புதிய பெயரிலேயே டொமைனில் சேர்க்க வேண்டும். பெயர் 15 எழுத்துகளுக்குள் இருப்பது நல்லது. இனி நகலெடுக்க நேர்ந்தால், அதற்குமுன் விண்டோஸிலேயே உள்ள சிஸ்பிரெப்பை இயக்கச் சொல்லுங்கள். அது கணினிக்கே உரிய அடையாளங்களை அகற்றிவிடும்.

உங்கள் கணினியை இனி டொமைனிலிருந்து நீக்கவே வேண்டாம். லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்து, 'டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல்' என்ற கட்டளையைக் கொடுத்தால், சர்வருடன் உள்ள பிணைப்பு நன்றாக இருந்தால் 'ட்ரூ' என்றும் முறிந்திருந்தால் 'ஃபால்ஸ்' என்றும் பதில் வரும். அதே கட்டளையுடன் 'ரிப்பேர்' என்பதைச் சேர்த்து, டொமைனில் உரிமையுள்ள ஒருவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், கணினிக்கும் சர்வருக்கும் பொதுவான புதிய கடவுச்சொல் அமைந்துவிடும். நீக்கிச் சேர்ப்பதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. பலர் இன்னும் ஒரு படி மேலே போய், சர்வரில் உள்ள கணினிக் கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறார்கள். பிட்லாக்கர் ரெகவரி கீயை, அதாவது பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் மீட்புச் சாவியை, டொமைனில் சேமிக்கும் அலுவலகமானால், அது அந்தக் கணக்கின் அடியில்தான் இருக்கும். கணக்கோடு சேர்ந்து கீயும் போய்விடும்.

நகலெடுக்காத கணினியிலும் இதே அறிவிப்பு வரலாம். சிஸ்டம் ரீஸ்டோர் செய்தாலோ, பழைய பேக்கப்பிலிருந்து மீட்டாலோ, பயிற்சி மையங்களில் வைப்பதுபோல ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருள் இருந்தாலோ, கணினி பழைய கடவுச்சொல்லுக்குத் திரும்பிவிடும். சர்வரோ புதியதைத்தான் ஏற்கும். நீண்ட விடுப்பில் கணினியை அணைத்து வைத்ததால் இப்படி ஆனது என்று சொல்வது மட்டும் சரியல்ல. இந்தக் கடவுச்சொல் தானாகக் காலாவதியாவதில்லை. மாற்றும் வேலையைத் தொடங்குவது கணினிதான் என்பதால், அணைந்திருக்கும் கணினியில் ஒன்றும் மாறாது. பல மாதங்கள் பயன்படாத கணக்குகளை நிர்வாகி களையெடுத்திருந்தால்தான் சிக்கல். அப்போது 'இந்தக் கணினிக்கு சர்வரில் கணக்கே இல்லை' என்ற வேறொரு அறிவிப்பு வரும்.

ஜிஎஸ்டி தாக்கல் நெருங்கும் நாளில், சர்வீஸ்காரர் வரும்வரை காத்திருக்க முடியாத நிலை வந்தால், நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு உங்கள் வழக்கமான கடவுச்சொல்லால் லாகின் செய்து பாருங்கள். கடைசியாக நுழைந்த 10 பேரின் விவரத்தை விண்டோஸ் வழக்கமாகத் தன்னிடமே வைத்திருக்கும். சர்வரைக் கேட்க வழியில்லாதபோது அதைக்கொண்டு உள்ளே விடும். கணினியில் உள்ள கோப்புகளையாவது எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு கணினி, சர்வரின் நேரத்துக்கும் தன் நேரத்துக்கும் வேறுபாடு இருப்பதாகச் சொல்லி, லாகின் செய்ய விடுவதில்லை. காலை 10 மணிக்கு வந்து பார்த்தால் கடிகாரம் முந்தைய நாள் இரவு 9.30 என்று காட்டுகிறது. நாங்கள் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து திருத்துகிறோம்; மறுபடி மாறிவிடுகிறது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார்கள். ரிச்சி தெருவில் வாங்கி மாற்றியும் பயனில்லை.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். உங்களுடையது பன்னிரண்டரை மணி நேரம் மட்டுமே பிந்தியிருக்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் கோடை நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி அதுதான். மற்ற மாதங்களில் பதின்மூன்றரை. விண்டோஸ் நிறுவியபோது நேர மண்டலத்தை எவரும் மாற்றவில்லை என்று தெரிகிறது.

சர்வரும் கணினியும் உலகப் பொது நேரத்தைத்தான் ஒப்பிட்டுக்கொள்கின்றன. திரையில் தெரிவதை அல்ல. ஆகவே கடிகாரம் இரவு 9.30 என்று காட்டியபோது கணினி சரியாக இருந்தது. நீங்கள் கையால் காலை 10 மணி ஆக்கியபோதுதான் கெட்டது. டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, வழக்கமான அமைப்பில், 5 நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுக்காது. சிறிது நேரத்தில் சர்வரிடமிருந்து கணினி நேரத்தைப் பெற்றுத் திருத்திக்கொள்கிறது. திரையில் மறுபடி இரவு வருகிறது. நீங்கள் மறுபடி பகலாக்குகிறீர்கள். நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு, அதாவது உலகப் பொது நேரத்துடன் ஐந்தரை மணி கூடுதல் என்பதற்கு மாற்றிவிட்டு, கடிகாரத்தை சர்வர் பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள். பழைய பேட்டரியில் குறை எதுவும் இருந்திருக்காது.

கேள்வி: புதிய ஃபைபர் இணைப்பு கொடுத்த பிறகு, சில கணினிகளில் 'டொமைன் கிடைக்கவில்லை' என்று வருகிறது. இன்டர்நெட் நன்றாக வேலை செய்கிறது.
– சரக்கு முகவர், பாரிமுனை

பதில்: இன்டர்நெட் கிடைப்பதும் டொமைன் கிடைப்பதும் வேறு வேறு. சர்வர் எங்கே இருக்கிறது என்பதைக் கணினிகள் டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் சேவை) மூலமே தெரிந்துகொள்கின்றன. உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கும் டொமைனின் பெயர் உங்கள் சர்வரில் உள்ள டிஎன்எஸ்ஸுக்குத்தான் தெரியும். புதிய ரௌட்டர் தானும் கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கத் தொடங்கி, டிஎன்எஸ்ஸாகத் தன்னையோ 8.8.8.8 போன்ற பொது முகவரியையோ கொடுத்திருக்கும். 'ஐபிகான்ஃபிக் ஆல்' என்ற கட்டளையில் டிஎன்எஸ் வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். சர்வரை முதலாவதாகவும் 8.8.8.8-ஐ இரண்டாவதாகவும் வைத்தால் போதும் என்பார்கள், கேட்காதீர்கள். முதலாவது ஒருமுறை தாமதித்தால் கணினி இரண்டாவதிடம் போய்விடும். அது 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சொல்லிவிட்டால், கணினி அதையே இறுதி விடையாக எடுத்துக்கொள்ளும். கணினிகளில் சர்வரின் முகவரி மட்டும் இருக்கட்டும். வெளியுலகப் பெயர்களுக்கான பொது முகவரியை சர்வரின் டிஎன்எஸ்ஸில் ஃபார்வர்டராக, அதாவது தனக்குத் தெரியாத பெயரை அது கேட்டறியும் இடமாக, கொடுங்கள். ரௌட்டர் முகவரி வழங்குவதையும் நிறுத்திவிடுங்கள், ஆனால் சர்வர் அந்த வேலையைச் செய்கிறது என்று உறுதிசெய்துகொண்ட பிறகு.