கெரட்டோகோனஸுக்கு கிராஸ்-லிங்க்கிங் செய்தால் கண்ணாடி தேவைப்படாதா?

கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயுள்ள தங்கள் மகனுக்கு, கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ்-லிங்க்கிங் சிகிச்சைக்குப் பின் கண்ணாடி தேவைப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தேவைப்படும்; ஏனெனில், கருவிழி மேலும் மெலிந்து கூம்பாகப் புடைப்பதைத் தடுத்து நிறுத்துவதே இதன் நோக்கம்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட முறைப்படி, சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழியின் மேல்தோலை நடுப்பகுதியில் மெல்ல அகற்றிவிட்டு, ரைபோபிளேவின் எனப்படும் பி2 வைட்டமினின் மஞ்சள் நிறக் கரைசலைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விட்டு ஊறவைக்கிறார்கள். பிறகு 30 நிமிடங்கள் புற ஊதா ஒளி பாய்ச்சப்படுகிறது. அந்த ஒளியை ரைபோபிளேவின் உறிஞ்சும்போது, ஆக்சிஜனின் துணையோடு கருவிழியிலுள்ள கொலாஜன் எனும் புரத இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உருவாகி, திசு உறுதிப்படுகிறது. கருவிழியின் தடிமன் 400 மைக்ரானுக்குக் குறைவாக இருந்தால் உள்ளடுக்குச் செல்களைக் கதிர் பாதிக்கக்கூடும் என்பதால், அத்தகையவர்களுக்கு இம்முறையை அப்படியே செய்வதில்லை.

மேல்தோல் மீண்டும் வளரும்வரை சில நாள்கள் வலியும் கூச்சமும் கடுமையாகவே இருக்கும். அதுவரை பாதுகாப்பு லென்ஸ் ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். இளம் வயதில் இந்நோய் வேகமாக முற்றும் என்பதால், கருவிழியின் வளைவை அளக்கும் டோபோகிராபி பரிசோதனைகளில் அடுத்தடுத்து புடைப்பு கூடுவது தெரிந்தால் தயவுசெய்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணைக் கசக்கும் பழக்கத்தை மகன் இன்றே விட வேண்டும்.